வயிற்றுக் கட்டிக்கு இரண்டு பெயர்கள்

நோயைக் காட்டிலும் நோயின் பெயரே மனிதரைப் பெரிதும் அச்சுறுத்துகின்றது. காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கின்றோம். நீரிழிவு என்றால் சீனியைக் குறைத்துக்கொள்கின்றோம். ஆனால், "புற்று" என்னும் ஒரு சொல் வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டாலோ, நோயாளி உயிரோடிருக்கும்போதே இழவு வீட்டின் அமைதி அங்கே குடிகொண்டுவிடுகின்றது. "சயம்" என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் அதே வலிமை இருந்தது. மருந்துகள் வந்தபின் அச்சம் குறைந்தது. வெட்கம் மட்டும் இன்னும் குறைந்தபாடில்லை.

இவ்விரு நோய்களும் மனிதரின் வயிற்றில் ஒரே இடத்திலே தோன்றி, ஒன்று மற்றொன்றைப் போல வேடமிட்டு, தேர்ந்த வைத்தியரையும் மயக்குவதுண்டு. சயரோகம் நெஞ்சுக்கு மாத்திரமே உரிய நோயென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அது குடலையும் தாக்கும். அவ்வாறு தாக்கும்போது அது பெருங்குடற் புற்றுநோயாகத் தோற்றமளிப்பதும், புற்றுநோய் சயரோகமாகக் கருதப்படுவதும், மிக அரிதாக இரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு காணப்படுவதும் மருத்துவ உலகம் அறிந்த உண்மைகளாம். அவற்றையே இவ்வாரம் நேயர்களுடன் ஆராய எண்ணினோம்.

வட்டகொடைப் பகுதித் தோட்டமொன்றிலே, லயத்துக் காம்பரா ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் பார்ப்போம். நாற்பது வயதை எட்டும் தாய், கொழுந்து பறிப்பவர். சில மாதங்களாக, உண்டபின் வலப்பக்கத்து அடிவயிற்றில் முறுக்கிப் பிடிப்பதுபோல் ஒரு வலி. மாலையானால் மெல்லிய காய்ச்சல். உடல் மெலிகின்றது, முன்பு அளவாயிருந்த இரவிக்கை இப்பொழுது தோளில் தொங்குகின்றது. மருந்துச்சாலையிற் பெற்ற மருந்தால் இரண்டொரு நாள் சுகம். பின்னர் பழைய கதைதான். நுவரெலியாவுக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் செலவும் உண்டு என்று நாட்கள் தள்ளிப் போடப்படுகின்றன. ஒருநாள் வலி பொறுக்க முடியாமற் போகவே வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். வயிற்றை அழுத்திப் பார்த்த வைத்தியரின் விரல்களுக்கு ஒரு கட்டி தட்டுப்படுகின்றது. படம் எடுக்கப்படுகின்றது. குடற்சுவர் தடித்திருக்கின்றது என்றும், குழாய் விட்டுப் பார்த்துச் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றும் கூறி, நாள் குறித்துக் கொடுக்கின்றார்கள்.

அன்றிரவு லயம் முழுவதும் செய்தி பரவிவிடுகின்றது. "கத்தி பட்டாப் பரவிடும்னு சொல்றாங்க, தம்பி, இருக்கிற நாளைக்கு நிம்மதியா இருக்கட்டும்" என்று மாமியார் தம் மகனிடம் கண்ணீர் வடிக்கின்றார். குறித்த நாளில் அந்தத் தாய் வைத்தியசாலைக்குப் போவாரா, வீட்டிலே படுத்துக்கொள்வாரா? அவர் பிழைப்பதும் பிழையாததும் இந்த ஒரு முடிவிலேதான் தங்கியிருக்கின்றன. ஏனெனில், அக்கட்டி எது என்பதை இன்னும் எவரும் அறியார்.

இந்த மயக்கம் ஏன் உண்டாகின்றது என்பதை அறிய, குடலின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நமது சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுடையது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். இரண்டும் கூடுமிடம் வலப்பக்கத்து அடிவயிற்றில் இருக்கின்றது. அங்கே ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. உணவின் சாரம் அவ்வாயிலருகே சற்றுத் தேங்கி நின்றே அப்பாற் செல்கின்றது. அன்றியும், கிருமிகளை எதிர்க்கும் நிணநீர் இழையம் அவ்விடத்தில் மிகுதி. சயரோகக் கிருமி பெரிதும் விரும்பிக் குடிபுகுவது அத்தகைய இழையத்திலேயே. ஆகவேதான் குடற்சயரோகம் பெரும்பாலும் இக்கூடுமிடத்தில் வேரூன்றுகின்றது. வந்த கிருமி சிலரிடம் புண்ணை உண்டாக்கும். சிலரிடம் குடற்சுவரைத் தடிக்கச் செய்து கட்டியாக்கும். சிலரிடம் இரண்டையும் செய்யும். கட்டியாகும் வகையே புற்றுநோயின் வேடம் பூணுவது.

பெருங்குடற் புற்றுநோயும் இதே வலப்பக்கத்தில் வரக்கூடும். பெரும்பாலும் குடலின் உட்புறத்தே ஒரு சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகளிலே மெல்ல உருமாறி அது புற்றாகின்றது. வலப்பக்கத்துப் பெருங்குடல் அகன்றதாதலின், கட்டி நெடுங்காலம் அடைப்பை உண்டாக்காமல் வளரும், சிறிது சிறிதாக இரத்தம் கசியும், அதனால் இரத்தசோகை உண்டாகும், உடல் மெலியும். இப்பொழுது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வலி, மெலிவு, சோகை, பசியின்மை, வலப்பக்கத்துக் கட்டி ஆகிய அனைத்தும் இரண்டுக்கும் பொது. மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் சயரோகத்தை நினைவூட்டும். ஆயினும் அவை இல்லாத சயரோகமும் உண்டு. மலத்திலே இரத்தம் புற்றை நினைவூட்டும். ஆயினும் சயரோகப் புண்ணிலும் இரத்தம் வரலாம். குடற்சயரோகம் இளவயதினரிடமும் நடுவயதினரிடமும் மிகுதி, புற்றுநோய் ஐம்பதைக் கடந்தோரிடம் மிகுதி என்பது பொதுவிதி. விதிவிலக்குகளோ இரு பக்கத்திலும் நிறைய.

"நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லையே, பிறகு எப்படிச் சயம்?" என்று கேட்பார் உளர். குடற்சயரோகமுள்ள பலருடைய நெஞ்சுப் படம் குறையேதுமின்றி இருக்கும். கிருமி குடலை அடையும் வழிகள் பல. நெஞ்சில் நோயுள்ளவர் தம் சளியை விழுங்குவதால் அடையலாம். என்றோ உடலிற் புகுந்து உறங்கிக் கிடந்த கிருமி இரத்தத்தின் வழியே வந்து சேரலாம். நோயுற்ற பசுவின் காய்ச்சாத பாலாலும் வரலாம். சயரோகக் கிருமியைக் கண்டுபிடித்து 1882 மார்ச் 24 ஆம் நாள் பேர்லினிலே உலகுக்கு அறிவித்த றொபேட் கொக் என்னும் பேரறிஞரே, மாட்டுச் சயரோகத்தால் மனிதருக்கு அதிகத் தீங்கில்லை என்று 1901 இல் இலண்டன் மாநாட்டிற் கூறினார். அதனை ஆராய அமைக்கப்பட்ட பிரித்தானிய ஆணைக்குழு, அக்கூற்றுத் தவறென்பதை 1911 இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் நிலைநாட்டியது. ஆகவே தோட்டத்து மாட்டுப்பாலாயினும் பட்டணத்து மாட்டுப்பாலாயினும், பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகுதல் நலம்.

அறிகுறிகளைக் கொண்டு ஊகித்து நோய்க்குப் பெயரிடுவதால் என்ன விளையும் என்பதற்கு, தமிழர் நன்கறிந்த ஒருவரின் வரலாறே சான்றாக நிற்கின்றது. அவர் கணிதமேதை இராமானுஜன். 1887 இல் ஈரோட்டிலே பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1917 இல் அங்கே நோய்வாய்ப்பட்டார். முதலில் வயிற்றுப்புண் என்றனர் வைத்தியர். பின்னர் அக்கருத்துக் கைவிடப்பட்டுச் சயரோகம் என்று தற்காலிகமாகக் கொள்ளப்பட்டது. இடையிலே பாட்டி ஷோ என்னும் இலண்டன் நிபுணர், இராமானுஜன் இந்தியாவிலே முன்னர் ஒரு சத்திரசிகிச்சை செய்துகொண்டதை அறிந்து, அன்று அகற்றப்பட்டது ஒரு புற்றுக்கட்டியாக இருக்குமோ என்று ஐயுற்றார். மாதங்கள் பல சென்றும் நோய் முற்றாமை கண்டு அவ்வையத்தைக் கைவிட்டார். இச்செய்திகளைப் பேராசிரியர் ஹார்டி 1918 இல் எழுதிய கடிதம் ஒன்றால் அறிகின்றோம். சயரோகம் என்ற கருத்தின்பேரில் சுகவாச நிலையங்களிலே, குளிர்காற்றுப் புகும் அறைகளில் அவர் கிடத்தப்பட்டார். 1919 இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டிலே தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின்னர், 1994 இல், டி. ஏ. பி. யங் என்னும் ஆய்வாளர் எஞ்சியிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, அது சயரோகமே அன்று. இளமையிற் கண்ட சீதபேதியின் கிருமி ஈரலிலே தங்கி உண்டாக்கிய நோயாக இருத்தல் வேண்டும் என்று எழுதினார். அக்கிருமியை எதிர்க்கும் எமற்றின் என்ற மருந்தைக் கல்கத்தாவிலிருந்த லெனாட் றோஜேர்ஸ் 1912 இலேயே பயன்படுத்திக் காட்டியிருந்தார். யங் கூறியது ஓர் ஆய்வாளரின் முடிபே. இன்று அதனைச் சோதித்து உறுதிசெய்ய வழியில்லை. ஆயினும், வயிற்றுப்புண், புற்று, சயம் என்று மூன்று பெயர்கள் மாறிமாறிச் சூட்டப்பட்ட அந்த உடலிலிருந்து நோயுற்ற இழையத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் வசதி அன்று எளிதாக இருக்கவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. அறிவிற் குறைந்தவர்கள் அல்லர் அவ்வைத்தியர்கள். அவர்களிடம் இல்லாதிருந்தது உறுதியான சான்று ஒன்றே.

அன்று இல்லாத அச்சான்று இன்று நமக்குக் கிட்டுகின்றது. நுனியில் விளக்கும் கமெராவும் பொருத்திய, வளையக்கூடிய மெல்லிய குழாயை மலவாயில் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும், அது சிறுகுடலோடு கூடும் வாயிலையும் வைத்தியர் கண்ணாலேயே காண முடிகின்றது. அங்கிருந்தே சிறு துண்டுகளை எடுத்து இழையப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார். சயரோகமாயின், கிருமியைச் சூழ்ந்து உடலின் காவல் உயிரணுக்கள் அமைத்த சிறு முடிச்சுகள் அத்துண்டிலே தென்படலாம். புற்றாயின், ஒழுங்கு தவறிப் பெருகிய உயிரணுக்கள் தென்படும். கிருமியை நிறமூட்டித் தேடுவதும், வளர்த்துப் பார்ப்பதும் உண்டு. வளர்த்துப் பார்க்க வாரங்கள் செல்லும். கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் புதிய கருவிகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகின்றன.

எனினும் இச்சோதனைகளும் எப்பொழுதும் முதல் தடவையிலேயே உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. சயரோகத்தின் முடிச்சுகள் குடற்சுவரின் ஆழத்தில் ஒளிந்திருக்கும். மேலாக எடுத்த துண்டில் அவை அகப்படாமற் போகலாம். கிருமிகள் சிலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. ஆகையினாற்றான் வைத்தியர் ஒரே புண்ணிலிருந்து பல துண்டுகள் எடுக்கின்றார். சில வேளைகளில் மறுமுறையும் வரச் சொல்லுகின்றார். "முதலில் எடுத்தது போதாதா? நம்மை வைத்துப் பழகுகிறார்களா?" என்று மனம் கசந்து போகாமல் விடுதல் மிகப் பெரிய பிழையாகும். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதனாலேயே மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது. சயரோகத்தின் அருகே புற்று மறைந்திருந்த நோயாளரைப் பற்றியும் மருத்துவ ஏடுகள் கூறுகின்றன.

பெயர் மாறினால் வரும் கேடு இரு பக்கத்தும் பெரிது. சயரோகத்தைப் புற்றென்று கருதினால், மாத்திரையாற் குணமாகக்கூடிய ஒருவர் தம் குடலின் ஒரு பகுதியை வீணே இழக்க நேரலாம். அல்லது, இனிப் பயனில்லை என்று வீட்டிலே கிடந்து மடியலாம். புற்றைச் சயரோகமென்று கருதினாலோ, சத்திரசிகிச்சையாற் காப்பாற்றக்கூடிய காலம் மாத்திரை விழுங்குவதிலேயே கழிந்துவிடும். இதனாலேயே, சான்று முற்றும் கிடையாத நிலையில் சயரோக மருந்தைத் தொடங்கும் வைத்தியர், இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் குழாய் விட்டுப் பார்க்கின்றார். சயரோகமாயின் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லையாயின் மீண்டும் துண்டெடுத்து, வேறு நோயோ என்று தேடவேண்டும். உடல் சற்றுத் தேறியது கண்டு அந்தத் தவணையைத் தவறவிடுவோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

குடற்சயரோகம் மருந்துக்குக் கட்டுப்படுவது என்பதைத் திட்டமாக நிறுவியதிலே தமிழகத்துக்குச் சிறந்த பங்குண்டு. இராமானுஜன் மறைந்த அதே சேத்துப்பட்டில், அவர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1956 இல், சயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. சுகவாச நிலையத்திற் படுத்துத்தான் சயரோகம் தீரவேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்பதை 1959 இல் வெளிவந்த ஆய்வால் உலகுக்கு உணர்த்தியது அந்நிலையமே. அந்நிலையத்தார் 1997 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலே, வயிற்றுச் சயரோகமுற்ற 193 பேரிடம் ஆறு மாதச் சிகிச்சையும் பன்னிரண்டு மாதச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. ஆறு மாதமே போதுமானது என்பது தெளிவாயிற்று. 2015 இல் இந்தியாவிலிருந்து வெளிவந்த வேறோர் ஆய்விலும், 197 பேரிடம் ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று எனக் காணப்பட்டது.

அச்சிகிச்சை வழக்கமாக இவ்வாறு அமையும்: ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டோல் என்னும் நான்கு மருந்துகள் முதல் இரண்டு மாதம், அவற்றுள் முதலிரண்டு மாத்திரம் அடுத்த நான்கு மாதம். ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; இரத்தமென்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, ஓயாது வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். மருந்துண்ணும் காலத்தில் மதுவை அறவே விலக்குதல் வேண்டும். மூன்றாம் மாதமே பசியும் பலமும் திரும்பிவிடும். அப்பொழுது மருந்தை நிறுத்துவோரிடம் கிருமி முன்னிலும் வலிமை பெற்று எழும். புண் ஆறியபின்னும் தழும்பால் குடல் சுருங்கி வலி எஞ்சுவது சிலருக்கு உண்டு. அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அது நோய் தீரவில்லை என்பதன் அடையாளம் அன்று.

இனி, நோயாளியைத் தனித்தட்டு, தனிக்கோப்பை என்று ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சயரோகம் பரவுவது நெஞ்சில் நோயுள்ளவரின் இருமலால். தட்டாலும் கோப்பையாலும் அன்று. குடலில் மாத்திரம் நோயுள்ளவரிடமிருந்து அது பிறருக்குத் தொற்றுவதில்லை எனலாம். ஆயினும் நெஞ்சிலும் நோய் உண்டா என்பதைச் சோதித்தறிதல் அவசியம். உண்டாயின், ஒரே காம்பராவிலே வாழும் அனைவரும், சிறப்பாகக் குழந்தைகள், சோதிக்கப்படல் வேண்டும். குளிருக்கு அஞ்சி யன்னல்களை அடைத்துப் பலர் ஒன்றாய் உறங்கும் லயத்து வாழ்க்கை இருமலாற் பரவும் நோய்க்கு ஏற்ற இடமாகும். இது தனியொருவரின் குற்றமன்று. காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள் மலையக மக்களுக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டிலே சயரோகச் சிகிச்சைக்கென மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. புற்றுநோய்க்கு மகரகமையிலும் கண்டியிலும் அரசாங்கச் சிகிச்சை உண்டு. ஆகவே வட்டகொடையிலுள்ள ஓர் ஏழைத் தாய்க்கும் இவ்விரு வாயில்களும் திறந்தே இருக்கின்றன. எந்த வாயிலுக்குச் செல்லவேண்டும் என்பதைச் சொல்லும் அந்தச் சிறு துண்டின் விடை வராமல், தாமாகவே ஒரு வாயிலைத் தெரிந்தெடுப்பதும், இரண்டையும் விட்டு வீட்டிலே இருந்துவிடுவதுமே ஆபத்தாகும். "கத்தி பட்டால் பரவும்" என்னும் பேச்சை நம்பி நின்றுவிடுதல் எத்துணைத் தீது என்பதையும் இதனால் உணரலாம். துண்டெடுத்துச் சோதிக்காமல் விடுவதனால் எந்தப் புற்றும் நின்றதில்லை. காலந்தாழ்ந்து வந்தமையால் கைமீறிப்போன புற்றுகளே பல.

இப்பகுதியைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றில் வைத்தியசாலைத் துண்டை வாசித்துப் பொருள் சொல்பவர்கள் நீங்களே. உங்கள் இல்லத்திலோ அயலிலோ ஒருவர் வாரக்கணக்கில் வயிற்றுவலியால் வாடி மெலிந்தால், அவருடன் துணையாகச் செல்லுங்கள். வைத்தியரிடம் பணிவாக நான்கு வினாக்களைக் கேளுங்கள். இது இன்ன நோயென்று எந்தச் சோதனையால் முடிவாயிற்று? துண்டெடுத்த சோதனையின் விடை வந்துவிட்டதா? சயரோகம், புற்று இரண்டும் எண்ணிப் பார்க்கப்பட்டனவா? சிகிச்சை பயன்தருகின்றதா என்பதை எந்த நாளில் மீண்டும் பார்ப்பீர்கள்? இவ்வினாக்களால் எந்த நல்ல வைத்தியரும் சினங்கொள்ளார். விடைகளை ஒரு கொப்பியிலே எழுதிவைத்து, குறித்த தவணை நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அந்த நாளிலே ஒரு பேர் போனாலும் போகட்டும். ஆள் பிழைத்திருந்தால் பேரை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.